புதுக்கரை யானைகள்

அமைச்சர் மேடையில் ஒரு வார்த்தையைப் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அதைத் தூக்கிச் சுமக்கிற தலையெழுத்து தமயந்திக்கு வாய்த்தது.

வார்த்தை என்னவோ நல்ல வார்த்தைதான். "இவர்களை இனிமேல் யாரும் அகதிகள் என்று சொல்லக் கூடாது. இவர்கள் நம்முடைய கடலோர உறவுகள்" என்றார். கூட்டம் கை தட்டியது. கடல் உள்ளே வந்து நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வரிசையாக ஊர்களை எடுத்துக்கொண்ட பிறகு, அங்கிருந்து கிளம்பிய சனங்களை அரியலூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் குடிவைத்திருந்தார்கள். சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித் தீர்த்துவிட்டுக் கம்பெனிக்காரன் விட்டுப் போன பூமி. இடத்துக்குப் புதுக்கரை என்று பெயர் வைத்தார்கள். கரை பெயரில் மட்டும்தான் இருந்தது. பள்ளங்களில் தேங்கும் மழைநீரை வாயில் வைக்க முடியாது, குடிக்கிற தண்ணீர் லாரியில்தான் வந்தாக வேண்டும்.

மறுநாள் காலை திருச்சி அறிக்கை மையத்தில் இணை இயக்குநர் குழந்தைவேலு தமயந்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் அங்கே ஒப்பந்த ஊழியர். அட்டவணைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பதவிக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தாலும் ஆபீசில் எல்லோருக்கும் அவள் 'டேபிள் மேடம்'தான்.

மையத்தில் ஓடும் கருவிக்குத் துலாம் என்று பெயர். ஒரு காலத்தில் அது வெறும் அறிக்கை தயாரிக்கிற மென்பொருளாக இருந்தது. எந்த ஊரில் எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர் போயிற்று, எவ்வளவு அரிசி போயிற்று என்று கலர் கலராகக் கோடு போட்டுக் காட்டும். அதைப் பார்த்து அதிகாரிகள் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்துக்காகக் கோப்புகள் மாசக்கணக்கில் தூங்குகின்றன என்று ஊரே திட்டியது. ஆகவே கையெழுத்தையே எடுத்துவிட்டார்கள். அறிக்கையே ஆணை என்று சட்டம் வந்தது. விடியற்காலையில் துலாம் என்ன சொல்கிறதோ அதன்படி மோட்டார் ஓடும், ஓட்டுநர் இல்லாத லாரிகள் தாமாகக் கிளம்பும். லஞ்சம் ஒழிந்தது என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். கெஞ்சிக் கேட்பதற்கும் எதிரே ஆள் இல்லை என்பதைக் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தார்கள்.

"ஒரு சின்ன வேலைம்மா" என்றார் குழந்தைவேலு. "அகதிகள்னு இருக்கிற ஹெட்டிங்க 'கடலோர உறவுகள்'னு மாத்திடு. சாயந்திரம் அமைச்சர் வந்து பெரிய ஸ்க்ரீன்ல பாக்கப் போறார்."

சின்ன வேலை என்று அவர் சொன்ன எதுவும் இதுவரை சின்ன வேலையாக இருந்ததில்லை. தமயந்தி நின்றபடியே விளக்கினாள்.

"சார், அது ஒரே ஒரு டேபிள்ல இருக்கிற பேரு இல்ல. ஆட்கள் டேபிள்ல 'அகதிகள்'னு ஒரு பத்தி இருக்கு. குடிநீர் டேபிள் அந்தப் பேரச் சொல்லித்தான் ஆட்கள் டேபிளக் கூப்பிட்டு, புதுக்கரைல எத்தன பேருன்னு கேக்குது. ரேஷனும் அப்படித்தான், ஆஸ்பத்திரியும் அப்படித்தான். இங்க மட்டும் பேர மாத்திட்டா அதுங்க எல்லாம் பழைய பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே நிக்கும். பதில் வராது."

"வரலன்னா?"

"காலின்னு எடுத்துக்கும். காலின்னா பூஜ்யம்."

காலி என்றால் பூஜ்யம் என்பது துலாம் கண்டுபிடித்த விதி இல்லை. முன்பெல்லாம் அதிகாரிகள் கட்டத்தைக் காலியாக விட்டு வைத்துப் பிற்பாடு வேண்டிய எண்ணைப் போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு கமிட்டி கண்டுபிடித்தது. அந்தத் திருட்டை அடைக்க அதே கமிட்டி போட்ட விதி அது.

"அப்ப எல்லா டேபிள்லயும் மாத்திடேன்."

"ஒவ்வொரு டேபிளும் ஒவ்வொரு துறைக்குச் சொந்தம் சார். அவங்க ஒப்புதல் குடுத்தாத்தான் கருவி விடும். எல்லாரும் ஒப்புக்கிட்ட பிறகு ஒரே நேரத்துல மாத்தணும். இல்லாட்டி எதையுமே தொடக் கூடாது."

குழந்தைவேலு கெட்டவர் இல்லை. ஓய்வுக்கு முன்னால் இன்னொரு பதவி உயர்வைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தவர், அவ்வளவுதான். அமைச்சர் பார்க்கப் போவது முதல் பக்கத்தை, முதல் பக்கம் ஆட்கள் டேபிளிலிருந்து வருகிறது, அதை இன்று மாற்று, மற்றவற்றுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், நாளைக்கே வந்துவிடும் என்றார். தமயந்தி எழுத்தில் வேண்டும் என்று கேட்டாள். கேட்டால் தயங்குவார் என்று நினைத்தாள். அவர் கொஞ்சமும் தயங்காமல் எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் ஒப்பந்த ஊழியர் என்ன செய்வது. பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினாள்.

சாயந்திரம் அமைச்சர் வந்தார், பெரிய திரையில் 'கடலோர உறவுகள்' என்று பச்சை எழுத்தில் மின்னுவதைப் பார்த்தார், கண் கலங்கினார். அதைப் படம் எடுத்தார்கள்.

மறுநாள் விடியற்காலை அறிக்கையில் புதுக்கரைக்குத் தேவையான குடிநீர் பூஜ்யம் என்று இருந்தது. அனுப்பியதும் பூஜ்யம். தேவையும் அனுப்பியதும் சரியாக இருந்ததால் புதுக்கரை வரைபடத்தில் பச்சையாகவே தெரிந்தது. மாநிலத்திலேயே குறையில்லாத ஊர்.

பத்து மணிவாக்கில் அஞ்சலாட்சியிடமிருந்து போன் வந்தது. அஞ்சலாட்சி புதுக்கரையில் லாரி நிற்கும் இடத்தில் குடங்களை வரிசையாக வைக்கச் சொல்லி, சண்டை வந்தால் விலக்கிவிடுகிறவள். யாரும் அவளை நியமிக்கவில்லை, குரல் பெரிசாக இருந்ததால் அந்த வேலை அவளிடம் வந்து சேர்ந்தது. கணக்கெடுப்புக்காக ஒருமுறை அங்கே போனபோது தமயந்தி தன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"மேடம், லாரி வரல" என்றாள். "வழியில நின்னு போச்சா?"

கிளம்பவே இல்லை என்றாள் தமயந்தி. உங்கள் பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் என்றாள்.

"பேரு மாத்தற வரைக்கும் தாகம் எடுக்காதா மேடம்?" அஞ்சலாட்சி கோபமாகக் கூடக் கேட்கவில்லை. "எம் மருமவ முழுவாம இருக்கா. மொதப் புள்ளதான் தங்கல. இதையாவது காப்பாத்திக் கரை சேக்கணும்னு இருக்கேன்."

அன்றைக்குத் தமயந்தி செய்த வேலையெல்லாம் போன் பேசியதுதான். முதலில் பழைய பெயரையே திருப்பிப் போட்டுவிடலாம் என்று முயன்றாள். அ, க, தி என்று தட்டியதும் திரை சிவந்தது. அரசாணைப்படி அது தடை செய்யப்பட்ட சொல். அமைச்சர் பேசியதைச் சட்டத்துறை அத்தனை சுறுசுறுப்பாக நிறைவேற்றியிருந்தது. இதுநாள் வரை எந்த ஆணையும் இந்த வேகத்தில் வந்து அவள் பார்த்ததில்லை.

சரி, முன்னால்தான் போக முடியும் என்று குடிநீர்த் துறைக்குப் போன் போட்டாள். அந்தப் பத்தி டெல்லித் திட்டத்தின் கீழ் வருகிறது, டெல்லியிலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். ரேஷனில் பெயர் நீளமாக இருக்கிறது, கட்டத்துக்குள் அடங்குமா என்று ஆராய ஒரு குழு போட்டிருப்பதாகச் சொன்னார்கள். மருத்துவத்தில் ஒப்புதல் தரத் தடையே இல்லை, ஆனால் கட்டை விரலை வைக்க வேண்டிய அதிகாரி தன் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருக்கிறார். அவருடைய விரல் திரும்பி வர வேண்டும். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லோரும் கடைசியில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: அட்டவணைக்கு உரியவர் ஒப்புதல் இல்லாமல் தலைப்பை மாற்ற முடியாது.

அந்த வாக்கியம் சாப்பிடும்போதும் அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டாள்.

குழந்தைவேலுவிடம் போய், ஒரு தனியார் தண்ணீர் லாரியையாவது அனுப்பலாமே சார் என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். துலாமில் தேவை பூஜ்யம் என்று இருக்கும் ஊருக்கு லாரி அனுப்பினால் அது தண்ணீர் கடத்தல் வழக்காகிவிடும், சுங்கச்சாவடியிலேயே மடக்கிவிடும். அதுவும் உண்மைதான். இரண்டு இளைஞர்கள் புதுக்கரையிலிருந்து சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய், குழாயில் விரல் வைத்ததும் 'ஆள் இல்லை' என்று வந்து, வெறும் கேனோடு திரும்பினார்கள். அஞ்சலாட்சி அதையும் போனில் சொன்னாள்.

தமயந்தி தன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்து, எல்லா அட்டவணைகளையும் ஒருசேரத் திறந்து வைத்துக்கொண்டாள். எல்லாத் துறையிலும் ஒரே பெயரில், அறுந்து போகாமல் இருக்கும் பத்தி ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். மாநகர்வாசிகள் என்று ஒன்று இருந்தது, வீட்டு எண் கேட்டது. சுற்றுலாப் பயணிகள் என்று ஒன்று, ஓட்டல் ரசீது கேட்டது. சிறைவாசிகள் பத்தி உறுதியாகத்தான் இருந்தது, அதில் போட்டால் மறுநாள் வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். கீழே போகப் போக ஒன்று கண்ணில் பட்டது. கோயில் யானைகள்.

அதன் கதை ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கோயில் யானை, கட்டம் காலியாக இருந்த குற்றத்துக்காகத் தண்ணீர் இல்லாமல் செத்துப் போயிற்று. நாடு முழுக்கக் கண்ணீர் விட்டது. மெழுகுவத்தி ஊர்வலம் நடந்தது. உயர்நீதிமன்றம் துலாமை நேரடியாகக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தீர்ப்பு சொன்னது. யானைப் பத்தியின் பெயரை யாரும் மாற்றக் கூடாது. காலி என்றால் அங்கே பூஜ்யம் இல்லை, நேற்றைய கணக்கு. யார் வேண்டுமானாலும் யானை இருக்கிறது என்று பதியலாம், பதிந்த மறுநாளே தண்ணீரும் தீனியும் போக வேண்டும். விசாரணையெல்லாம் பிறகு.

மனிதர்களுக்கு விசாரணை முதலில், தண்ணீர் பிறகு. தமயந்தி இந்த இரண்டு விதிகளையும் பல வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

கோயில் பெயர் என்ன என்று கருவி கேட்டது. அவள் அஞ்சலாட்சிக்குப் போன் போட்டாள்.

"உங்க ஊர்ல கோயில் ஏதாவது இருக்கா?"

"தகரக் கொட்டாயில அம்மன் இருக்கு மேடம். ஊர் முங்கினப்ப படகுல ஏத்திக்கிட்டு வந்தோம். ஏன், வேண்டிக்கப் போறீங்களா?"

"எத்தன குடும்பம் இருக்கீங்க?"

குடும்பத்துக்கு ஒரு யானை என்று போட்டாள். வேலை போகும், வழக்கு வரும், தெரியும். அந்த நேரத்தில் அவளுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் பெரிதாக இருந்தது. அந்த எரிச்சலிலேயே பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் புதுக்கரைக்கு லாரிகள் வந்தன. வழக்கமாக வருகிற தண்ணீர் லாரி மட்டும் இல்லை, அதைப்போல இன்னும் பல. ஒரு குடும்பத்துக்கு மூன்று குடம் என்பது போய் குடம், அண்டா, டிரம் எல்லாம் நிறைந்தும் தண்ணீர் மிச்சம் இருந்தது. பின்னாலேயே கரும்பு வந்தது, தென்னை மட்டை வந்தது, அரிசி, கேழ்வரகு, பாசிப்பயறு, வெல்லம், வாழைப்பழம் வந்தது. அஷ்ட சூரணமும் சியவனப்பிராசமும் டின் டின்னாக இறங்கின. தென்னை மட்டையைக் கூரைக்குப் போட்டுக்கொண்டார்கள். சியவனப்பிராசத்தைப் பிள்ளைகள் விரலால் வழித்து நக்கினார்கள். புதுக்கரைக்கு வந்த பிறகு முதல் தடவையாக அஞ்சலாட்சி தலைக்குக் குளித்தாளாம். அதைச் சொல்லத்தான் போன் போட்டாள்.

"நாங்க என்னவா இருக்கோம் தங்கச்சி இப்ப?" என்று கேட்டாள். மேடம் தங்கச்சியாகியிருந்தது.

தமயந்தி சொன்னாள். அந்தப் பக்கம் பெரிதாகச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலாகி அடங்கியது. "இருக்கட்டும், யான நல்ல மிருகம்தான்" என்றாள் அஞ்சலாட்சி.

விசாரணைக்குக் கால்நடை மருத்துவர் ஒருவர் வந்தார். இம்மானுவேல் என்று பெயர், வயதானவர். ஜீப்பிலிருந்து இறங்கி அம்மன் கொட்டாய் வரை நடந்தார். யானை எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. ஒரு பிள்ளைக்கு மூச்சு இளைப்பதைப் பார்த்துவிட்டு மருந்து கொடுத்தார். அஞ்சலாட்சியின் கர்ப்பமாக இருந்த மருமகள் சிவரஞ்சனியின் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். போகும்போது யானைகள் நலம் என்று பதிந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை தவறாமல் வந்தார். அகதிகளாக இருந்த காலத்தில் எந்த டாக்டரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

தமயந்தி தினமும் பயந்துகொண்டேதான் ஆபீஸ் போனாள். ஒன்றும் நடக்கவில்லை. புதுக்கரை எப்போதும் போலப் பச்சையாக இருந்தது, பச்சையாக இருக்கும் ஊரைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒருநாள் குழந்தைவேலு அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, அரியலூர்ப் பக்கம் யானை கூடிப்போச்சு போலிருக்கே என்றார். தமயந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஆமாம் சார் என்றாள். அவர் மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆவணியில் தொடங்கிய பெயர் மாற்றம் தை பிறந்த பிறகுதான் முடிந்தது. டெல்லிக் கடிதம் வந்தது. ரேஷன் குழு பெயர் கட்டத்துக்குள் அடங்கும் என்று கண்டுபிடித்தது. மருத்துவ அதிகாரி பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு விரலோடு திரும்பி வந்தார். எல்லா அட்டவணைகளிலும் 'கடலோர உறவுகள்' ஒரேசமயத்தில் ஏறியது, எல்லாம் ஒன்றையொன்று கூப்பிட்டன, எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. தொழில் என்று பார்த்தால் அழகான வேலை. தமயந்தியே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். யானைகளை மறுபடி மனிதர்களாக்க வேண்டும். எல்லாம் தனக்குத் தெரியும் என்பதைக் குழந்தைவேலு அன்றைக்குத்தான் காட்டிக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"நான் கண்ண மூடிக்கிட்டேம்மா, அதுக்கு மேல என்னால முடியாது. இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள மாத்திடு. தை மாசம், யானைங்க புத்துணர்வு முகாம் ஆரம்பிக்குது. புதுக்கரைக்கு இன்னிக்கு லாரி கிளம்பிடும். லாரி நிறைய மனுஷங்க போய் ஆத்தங்கரைல இறங்கினா உனக்கும் எனக்கும் கதி என்ன?"

வருஷா வருஷம் தையில் எல்லாக் கோயில் யானைகளையும் லாரியில் ஏற்றிக் காவிரிக் கரையில் முகாமுக்குக் கொண்டு போவது வழக்கம். ஒரு மண்டலம் ஓய்வு. காலையிலும் மாலையிலும் ஆற்றுக் குளியல், மர நிழல், பக்கத்திலேயே மருத்துவர். தமயந்தி அதை மறந்தே போயிருந்தாள். யானை அட்டவணைக்கும் முகாம் அட்டவணைக்கும் இருக்கிற முடிச்சை அவள் ஆரம்பத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.

உடனே அஞ்சலாட்சிக்குப் போன் போட்டு, சாயந்திரத்திலிருந்து நீங்கள் மனிதர்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்றாள். நல்ல செய்தி சொல்கிறோம் என்றுதான் நினைத்துச் சொன்னாள்.

"மனுசங்களுக்கு எத்தன கொடம்?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"பழையபடி மூணு."

"அப்ப வேணாம் தங்கச்சி. நாங்க இப்படியே இருந்துக்கறோம்."

தமயந்திக்குக் கோபம் வந்தது. இத்தனை மாசம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தது யாருக்காக என்று கேட்டாள். நான் ஜெயிலுக்குப் போனால் நீங்கள் வந்து பார்ப்பீர்களா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, போனில் பேசித் தீராது என்று பஸ் பிடித்தாள். பொத்தான் அவளுடைய போனிலேயே இருந்தது, எங்கிருந்தும் அழுத்தலாம். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அழுத்துவதுதான் நியாயம் என்று அவளுக்குப் பட்டது.

அவள் போய் இறங்கியபோது முகாம் லாரிகள் புதுக்கரையில் வரிசையாக நின்றிருந்தன. அகலமான லாரிகள். பின்பக்கம் சாய்பலகை இறங்கியிருந்தது, அதில் எடை பார்க்கிற மேடை. ஓட்டுநர் இருக்கைகள் காலியாக இருந்தன. ஊர் முழுக்கச் சட்டி பானை, பாய், துணி மூட்டையோடு வெளியே வந்து நின்றது. சிலர் அம்மனைத் தூக்கி வந்து முதல் லாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

அஞ்சலாட்சி அவளைப் பார்த்ததும் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். சிவரஞ்சனி அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பச்சைப்பிள்ளை, பிறந்து வாரம் கூட முழுசாக ஆகியிருக்காது. இம்மானுவேல் டாக்டர்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாராம்.

"ஒன் வேலைக்கு ஆபத்துன்னு தெரியும்" என்றாள் அஞ்சலாட்சி. "ஆனா ஒண்ணு கேட்டுக்க. மொதப் புள்ள இவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலதான் பொறந்துச்சு. புள்ள பேரு இன்னும் பதியல, பதியற வரைக்கும் வார்டுலதான் இருக்கணும்னு வெச்சுக்கிட்டாங்க. இவளுக்கு ரேஷன் புதுக்கரையில இருக்கு, அங்க போன்னு இங்க அனுப்பிட்டாங்க. பால் கட்டிக்கிட்டு துடிச்சா. அங்க அது பாலுக்கு அழுவுது. பேரு பதிஞ்சு வர்றதுக்குள்ள புள்ள போயிடுச்சு. நீ அந்தப் பொத்தான அமுக்கினா, இது மனுசப் புள்ளயாயிடும். இதுக்கும் பேரு பதியல."

பிறந்த குழந்தையைப் பற்றிய அந்த விதியும் தமயந்திக்குத் தெரிந்ததுதான். அந்தக் கட்டத்தின் மேல் அவள் எத்தனையோ தடவை சுட்டியை நகர்த்தியிருக்கிறாள். பதிவு நிலுவை என்று சாம்பல் நிறத்தில் இருக்கும்.

போன் அடித்தது. குழந்தைவேலு. அவள் எடுக்கவில்லை.

முதல் குடும்பம் சாய்பலகையில் ஏறியது. லாரி ஒரு நிமிஷம் யோசித்தது போல நின்றது. அட்டவணையில் இந்த ஊரில் இத்தனை யானைகள் என்று இருக்கிறது, மேடையில் எடையும் இருக்கிறது, அதற்கு மேல் அது எதையும் கேட்கவில்லை. யானை ஒன்று, ஏறலாம் என்று நிதானமான பெண் குரலில் சொன்னது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அடுத்த குடும்பம் ஏறியது. அதற்கடுத்த குடும்பம். கிழவர்களைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். அம்மனும் ஏறினாள், எடை குறைவு, சத்துணவு பரிந்துரைக்கப்படுகிறது என்றது லாரி. சிரிப்பு அலையலையாகப் பின்வரிசை வரைக்கும் போயிற்று. தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் போன் கனத்தது.

சிவரஞ்சனி எழுந்தாள். பிள்ளையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பிள்ளையைப் பறிகொடுத்து ஒருமுறை பட்டவள், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தாள். அஞ்சலாட்சி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். மேடையில் கால் வைத்ததும் பிள்ளை வீறிட்டு அழுதது.

லாரி இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. சிவரஞ்சனி ஒரு அடி பின்வாங்கினாள்.

"தாய் ஒன்று, குட்டி ஒன்று" என்றது லாரி. "குட்டி புதிதாகப் பிறந்தது. பதிவு செய்யப்பட்டது. தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கக் கூடாது. இருவருக்கும் தனித்தனித் தண்ணீர் ஒதுக்கப்பட்டுள்ளது."

உள்ளே ஒரு மூலையில் தடுப்பு இறங்கி இடம் ஒதுக்கியது, தரையில் வைக்கோல் விரிந்தது, மேலே விசிறி சுழன்றது. சிவரஞ்சனி அங்கேயே உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

தமயந்திக்குக் கண்ணீர் முட்டியது. யாரை நினைத்து என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. இந்த விதிகளை ஒன்றோடு ஒன்று கோத்து, ஒரு முடிச்சும் அவிழாமல் பார்த்துக்கொண்டதெல்லாம் அவளுடைய கைதானே.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தாள்.

"மாத்திட்டியாம்மா?" என்றார் குழந்தைவேலு. குரலில் பதற்றம். "லாரி இன்னும் அங்கதான் நிக்குதுன்னு காட்டுது."

"இல்ல சார். மாத்த முடியல."

"ஏன்? எல்லாத் துறையும் ஒப்புதல் குடுத்தாச்சே. இன்னும் என்ன பாக்கி?"

கடைசி ஆளாக அஞ்சலாட்சி லாரி விளிம்பில் நின்றுகொண்டு, வா என்று இவளைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அட்டவணைக்கு உரியவங்க இன்னும் ஒப்புதல் தரல சார்" என்றாள் தமயந்தி. "அது இல்லாம தலைப்ப மாத்த முடியாது."